எடுக்கக் கூடாத பாட்டில்

மருந்துச் சீட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள், தபால்தலை சேர்த்தவர்கள், பஸ் டிக்கெட் சேர்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதெல்லாம் எங்கே போனது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வீர்கள். நானும் அக்காவும் பாட்டில் சேர்த்தோம். மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய கண்ணாடிப் பாட்டில்கள். அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு இதுவரை வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பா ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்கா பிளஸ் டூ படித்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. எங்களுக்கு நடுவில் பிறந்த ஒரு பிள்ளை தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது இடைவெளி. எனக்குத் தலை பின்னிவிடுவது, சோறு பிசைந்து தருவது எல்லாம் அவள்தான்.

அந்தக் கார்த்திகையில் ஆறு ஊருக்குள் வந்தது. மூன்று நாள் பெருமாள் கோயில் மண்டபத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், நடையெல்லாம் கணுக்கால் உயரத்துக்குச் சேறு. பள்ளிக்கூடம் பதினைந்து நாள் கிடையாது. தண்ணீர் வடிந்த பிறகு துணி வெளுக்க அக்காவோடு நானும் ஆற்றுக்குப் போனேன். எப்போதும் போகிற படித்துறையில் மரமும் முள்ளும் அடைந்து கிடந்ததால் கொஞ்சம் மேலே, துரை பங்களாவுக்குப் பின்புறம் போக வேண்டியிருந்தது.

துரை பங்களா என்று பெயர்தான். மலையில் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எந்தக் காலத்திலோ குடியிருந்த வீடு. நான் பார்க்கும்போதே அஸ்திவாரமும் இரண்டு தூணும்தான் மிச்சம். அதன் பின்பக்கத்துக் கரையை வெள்ளம் அப்படியே அரிந்து எடுத்துப் போயிருந்தது. அரிந்த இடத்தில் மேலே வண்டல், அதற்குக் கீழே ஒரு முழத்துக்குக் கறுப்பாகச் சாம்பல் மண். அந்தக் கறுப்புக்குள் அங்கங்கே ஏதோ மின்னியது. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, விரலாலேயே நோண்டி ஒன்றை உருவினாள். முட்டை மாதிரி அடிப்பக்கம் கூம்பிய பாட்டில். தரையில் நிறுத்தினால் நிற்கவில்லை. சாய்ந்து படுத்துக்கொண்டது.

"நிக்காத பாட்டில எதுக்கு செஞ்சிருக்கான்?" என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. படுத்தே கிடந்தால் தக்கை காயாது, காயாமல் இருந்தால் சோடாவின் வாயு இறங்காது என்று நாலு நாள் யோசித்து அவளே கண்டுபிடித்தாள். துணி வெளுக்கிற சாக்கில் தினமும் போனோம். அம்மாவின் களைக்கொத்து ஒன்று, உடைந்த சிரட்டை ஒன்று, அப்பா தூரப்போட்ட பல் துலக்கும் பிரஷ் ஒன்று. இவ்வளவுதான் எங்கள் ஆயுதம்.

தோண்டுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கொத்தினால் உடைந்துவிடும், பக்கத்து மண்ணைத்தான் பறிக்க வேண்டும், பாட்டில் தானாகத் தளர்ந்து கைக்கு வர வேண்டும். "பைய, பைய" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வெளியே எடுத்ததும் ஒரு வாடை வரும். பழைய அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் எழுகிற வாடை. மணலும் சாம்பலும் பொடிக்கல்லும் உள்ளே போட்டுக் குலுக்கினால் கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது கண்ணாடியின் மேல் மீன்செதில் மாதிரி பச்சையும் ஊதாவுமாக ஒரு படலம் ஓடும். சில பாட்டில்களின் உடம்புக்குள்ளேயே காற்றுக் குமிழி உறைந்து நின்றது. அதை ஊதியவனுடைய மூச்சு அது என்று அக்கா சொன்னாள்.

மைக்கூடு, ஊறுகாய்ச் சாடி, கழுத்தில் கோலி அடைத்த சோடா பாட்டில், பக்கவாட்டில் அளவுக்கோடு போட்ட மருந்துக் குப்பி. சிலவற்றில் புடைப்பாக ஊர்ப் பெயர் இருக்கும். லண்டன், மெட்ராஸ், ஒன்றில் கொழும்பு. அக்கா அவற்றை ஒரு நோட்டில் வரைந்தாள். எத்தனை சாண் ஆழத்தில் கிடைத்தது, பக்கவாட்டில் அச்சு ஒட்டிய கோடு வாய்வரை போகிறதா கழுத்தோடு நிற்கிறதா என்றெல்லாம் பக்கத்தில் குறிப்பு. கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் செய்திருக்கிறான், அதுதான் பழசு. இதை எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்கவில்லை. மேலே கிடைத்ததையும் கீழே கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் பெரிய அறிவாளி என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. அம்மாவுக்கு அது பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டிய சாமான். அப்பா ஒருநாள் விறகு அறைக்குள் எட்டிப்பார்த்து, வரிசையாக நின்ற பாட்டில்களைக் கண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தை பிறந்ததும் என் உள்ளங்கை கிழிந்தது. உடைந்த அடிக்கண்ணாடி ஒன்றை அவசரப்பட்டு இழுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு தையல், இடுப்பில் ஊசி. அன்றைக்கு அப்பா எங்கள் இருவரையும் நிற்க வைத்து, இனிமேல் ஆற்றுப் பக்கம் போனால் காலை முறித்துவிடுவேன் என்றார். அதுவரை எங்களை அவர் ஒரு அடி அடித்ததில்லை. இருந்தாலும் எனக்கு அந்தச் சொல் உடம்பில் இறங்கிவிட்டது. அக்கா என் தலையில் அடித்து, இரண்டு பேருக்குமாகச் சத்தியம் செய்து கொடுத்தாள். நோட்டில் கடைசியாக வரைந்த மைக்கூட்டுக்குக் கீழே 'இத்துடன் முடிந்தது' என்று எழுதி அடிக்கோடு போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதே வாரம் அரையாண்டு மார்க் வந்தது. இயற்பியலில் ரொம்பக் குறைவு. அக்கா அப்பாவிடம், தனக்கு அது வரவில்லை, பாளையங்கோட்டையில் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். ஆதிச்சநல்லூரில் தாழி தோண்டி எடுத்தார்களே, அந்த மாதிரி வேலைக்குப் படிக்க வேண்டும் என்றாள். பொம்பளப் பிள்ளை மண் தோண்டப் படிக்கிறதா என்று அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது அவள் பதில் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண் சிவந்து வீங்கி இருந்தது.

அக்காவைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகக் கரைக்குப் போனேன். தையல் போட்ட கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு இடக்கையால் பறித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது விரலில் முள்முள்ளாக ஏதோ தட்டியது. மெதுவாகத் தளர்த்தி எடுத்தேன். நீலம். மயில் கழுத்து நீலம். ஆறு பட்டை, பட்டை முழுக்க வரிவரியாகப் புடைப்பு. வாயில் கண்ணாடி மூடி இறுகியிருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அந்த மாதிரி ஒன்று எங்களிடம் இல்லை.

ஒரு பட்டையில் இங்கிலீஷ் எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாட் டு பி டேக்கன். டேக் என்றால் எடு. எங்கள் பாடத்தில் வந்திருந்தது. எடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். யாரோ வெள்ளைக்காரன் தன் சாமானை யாரும் எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது, நான் திருடிக்கொண்டு போகிறேன் என்று பயம் வந்துவிட்டது. திரும்பப் போடவும் மனசில்லை.

என் பையை அம்மா தினமும் தட்டிப் பார்ப்பாள். அதனால் அக்காவுடைய தகரப்பெட்டியில், தாவணிகளுக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தியத்தை மீறிப் போனதற்குத் திட்டுவாளோ என்று நாளைக்குத் தள்ளினேன். நாளைக்கு என்பது மறுநாளும் நாளைக்கு ஆயிற்று.

தைப்பூசத்தன்று கோயிலுக்குப் போக, பட்டுத் தாவணி எடுக்கிறேன் என்று அம்மா அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மார்கழியில் அடுத்த தெருவில் ஒரு பெண், அக்காவோடு படித்தவள், மாதப் பரீட்சையில் மார்க் குறைந்ததற்காக மருந்து குடித்து இறந்திருந்தாள். அம்மா அந்தத் துட்டி வீட்டில் அந்தப் பெண்ணின் தாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவள். இதை நினைத்துக்கொண்டுதான் அம்மாவை நான் மன்னிக்கப் பார்க்கிறேன்.

பாட்டிலை அம்மா அக்காவிடம் காட்டி இது யாருடையது என்று கேட்டாள். அக்கா பாட்டிலைப் பார்த்தாள், கதவருகே நின்ற என்னைப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னுதுதான்," என்றாள். அடி எனக்கு விழக் கூடாது என்று சொன்னது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

அப்பா வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பட்டையில், மண் அடைத்துக்கொண்டு நான் படிக்காமல் விட்ட ஒரே ஒரு சொல் இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் படித்தார். விஷம். நாட் டு பி டேக்கன் என்றால் வாயில் போடக் கூடாது என்று அர்த்தமாம். மூடியை முறுக்கிக் கழற்றி, அடியில் காய்ந்து கிடந்ததை முகர்ந்து பார்த்தார். அப்புறம் விறகு அறையில் போய் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கம். இத்துடன் முடிந்தது.

அப்பா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அக்காவுக்கு அப்போதுதான் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அது ஆற்றங்கரையில் கிடைத்த பழைய பாட்டில், சின்னவள்தான் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், அவளை அடிப்பீர்களே என்றுதான் என்னுடையது என்றேன், 'முடிந்தது' என்று எழுதியது தோண்டுகிறதைப் பற்றி. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் வரிசையாகக் கேட்டபோது புளுகு மாதிரிதான் இருந்தது.

அப்பா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ கொண்டாந்து வச்சியா? அக்கா சொல்லுதா. நெசமா இருந்தா சொல்லு பிள்ள, அப்பா அடிக்க மாட்டேன்."

நான் "இல்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடிக்குப் பயந்தேன், விஷம் என்றதும் போலீஸ் வரும் என்று பயந்தேன், தோளைப் பிடித்த அந்தப் பிடிக்குப் பயந்தேன். எல்லாமே சரிதான். எதுவும் போதாது. அவர் அடிக்க மாட்டேன் என்று சொன்னார். அது எனக்குக் காதில் விழுந்தது.

"ஆத்துக்கே போகலியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் இடக்கை நகக்கண்ணில் இன்னும் கறுப்பு மண் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் நீல பாட்டிலை அவர் பாலத்தில் நின்று ஆற்றில் எறிந்தார். மற்ற பாட்டில்களைச் சாக்கில் கட்டி, துவைக்கிற கல்லில் வைத்து உலக்கையால் இடித்தார். கண்ணாடி உடைகிற சத்தம் முதலில் பெரிதாகக் கேட்டது, போகப் போக மணல் அள்ளுகிற சத்தமாக ஆயிற்று. அக்கா அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரவில்லை. அந்த வாரமே கொத்தனார் வந்து பின்பக்கத்துச் சுற்றுச்சுவரை இரண்டு வரிசை உயர்த்தி, ஈரச் சிமெண்டில் அந்தக் கண்ணாடித் துண்டுகளை நட்டார். கேட்டவர்களிடம் திருட்டுப் பயம் என்று அம்மா சொன்னாள். கொழும்பு என்ற எழுத்தில் பாதி கொஞ்ச நாள் அந்தச் சுவர்மேல் தெரிந்தது.

அக்காவைப் பரீட்சை எழுத மட்டும் விட்டார்கள். அப்பா கூடவே போய்ப் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுக் கூட்டி வந்தார். வீட்டில் அவளைத் தனியே விடவில்லை. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது, அம்மா வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பிள்ளைக்கு ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் மனசு மாறிவிடும் என்று பெரியவர்கள் யாரோ சொல்ல, வைகாசியில் கல்யாணம். வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருந்த தூரத்துச் சொந்தம், அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். சாதுவான மனிதர்தான். பரீட்சை முடிவு வந்தபோது அவள் வள்ளியூரில் இருந்தாள். இயற்பியல் உட்பட எல்லாவற்றிலும் நல்ல மார்க். அப்பா போய்ச் சான்றிதழை வாங்கி வந்து தன் பத்திரப் பெட்டியில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்குப் பூஞ்சை மனசு, ஒருதடவை மருந்து வரைக்கும் போய்விட்டாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நாணயமான மனிதர் அவர், சொல்லாமல் கட்டிக்கொடுப்பது தப்பு என்று நினைத்திருப்பார். அந்த ஒரு வார்த்தை அக்காவோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியது. அந்த வீட்டில் மண்ணெண்ணெய் டின் மாமியார் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அக்கா மச்சுக்கு ஏறினால் பின்னாலேயே யாராவது ஏறுவார்கள். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. ரொம்பக் கவனமாக வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்து அது விவரம் தெரிந்து வளர்ந்ததும் அதற்கும் சொல்லி வைத்தார்கள், அம்மாவைத் தனியாக விட்டுவிடாதே என்று.

நான் படித்தேன். அக்காவுக்குக் கிடைக்காத பாளையங்கோட்டைக் கல்லூரியில் எனக்கு இடம் வாங்கித் தந்ததும் அதே அப்பாதான். வேலை, சென்னை, என் குடும்பம் என்று போய்விட்டேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியவளை நல்லபடியாகக் காப்பாற்றிக் கரைசேர்த்துவிட்டேன், அது ஒன்றுதான் தன் வாழ்க்கையில் திருப்தி என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வருஷம் வள்ளியூர் போயிருந்தேன். அத்தான் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அடுப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்னுரை எதுவும் இல்லாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டில் நான் வைத்தது, அப்பா கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன் என்று.

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி. அப்பா அன்னைக்கே வந்து சொன்னாவ, சின்னவ இல்லன்னுட்டான்னு. அதுக்குப் பொறவு நான் ஒண்ணும் பேசல."

"என்மேல கோவம் இல்லையாக்கா?"

"இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்ப தேடிப் பாத்தாலும் இல்ல." அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அந்தப் பாட்டில் என்ன நிறம்? நான் சரியா பாக்கவே இல்ல," என்றாள். நீலம் என்றேன். சரி என்று நறுக்கியதை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

சாயங்காலம் அவள் மகன் கடை அடைத்துவிட்டு வந்தான். நல்ல பிள்ளை. வந்ததும் கைகால் கழுவிவிட்டு, பூட்டிய அலமாரியைத் திறந்து அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை மட்டும் உடைத்து எடுத்தான். அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இது தினமும் நடப்பது என்று பார்த்தாலே தெரிந்தது. விளக்கேற்றிவிட்டுத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அக்கா உள்ளே போனபோது நான் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், கரை, நீல பாட்டில், தகரப்பெட்டி, கிணற்றடி. உங்கம்மா ஒரு நாளும் சாக நினைத்தவள் இல்லையப்பா, அது நான் செய்த வேலை என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவன் பொறுமையாக முழுசும் கேட்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, என் மனசு நோகாத மாதிரி, "அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாவளா சித்தி?" என்று கேட்டான்.

நான் இல்லை என்றேன். கிணற்றடியில் சொன்ன அதே சொல். இந்தத் தடவை உண்மை. அவன் பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டினான். அக்கா தம்ளரோடு வந்து அவன் எதிரே நின்று கையை நீட்டினாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். விழுங்கியதும், அவன் கேட்பதற்கு முன்பே, வாயைத் திறந்து காட்டினாள்.